கெட்ட காற்றுக்குப் பழகிய சென்சார்

என் மகள் நந்தினி இப்போது நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷயத்தை அரைகுறையாகக் கேள்விப்பட்ட பழைய நண்பர்கள் இன்னும் போனில் தயங்கித் தயங்கித்தான் விசாரிக்கிறார்கள். இதைப் படிப்பவர்களும் அந்தக் கவலையோடு படிக்க வேண்டாம்.

கோவையில் வாயுக்களை அளக்கும் சென்சார் செய்கிற ஒரு சிறிய கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவில் என் உழைப்பின் பெரும்பகுதி கழிந்தது. கண் கோளாறால் ஐம்பத்தைந்து வயதில் நானாக விலகிக்கொண்டேன். இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள், “சார், நம்ம அகச்சிவப்பு சென்சார் எப்படி வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணுமே தெரியறதில்லீங்க” என்று கேட்டார்கள். சந்தோஷமான கட்டுரை ஒன்று எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டேன். பாதி எழுதியிருந்தபோதுதான், போன மழைக்காலத்தில், உடுமலைப் பக்கத்துக் கோழித்தீவன ஆலை ஒன்றின் குழிக்குள் நந்தினி மயங்கினாள். அவள் அங்கே தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. அந்தக் குழியில் காற்று சுத்தமாக இருக்கிறது என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்த சென்சார் எங்கள் கம்பெனியுடையது.

அவள் அந்த வேலைக்குத் திரும்பிப் போகலாமா கூடாதா என்பதுதான் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. என் மனைவி கூடாது என்றாள். நந்தினி போவேன் என்றாள். நான் இரண்டு பேரிடமும் மாற்றி மாற்றித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். முன்பு எழுதியதைக் கிழித்துவிட்டு இதை மறுபடி எழுதுகிறேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள் அப்போது இருந்ததைவிட இப்போது கூடிவிட்டார்கள்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். முதல் சில வருடங்கள் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார் சோதிக்கும் மேடையில் நின்றேன். பம்ப் ஓடும், தண்ணீர் கொட்டும், அளந்து எழுதுவேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அங்கிருந்து வசந்தாமணி மேடத்திடம் வந்தேன். அவர் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியை வாடகைக்கு எடுத்துக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். கீழே லேத் ஓடினால் மேலே மேசை அதிரும். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். வேலைக்கு எடுக்கும்போது என்னிடம் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை.

“ஒரு ரீடிங் தப்புன்னு தோணுனா என்ன பண்ணுவீங்க செல்வராஜ்?”

“மறுபடி எடுப்பேனுங்க.”

“மறுபடியும் அதே வந்தா?”

“எனக்குத் தோணுனது தப்புன்னு வெச்சுக்குவேனுங்க.”

“ரெண்டுமே தப்பா இருக்கலாமுங்க” என்றார். “செரி, நாளைக்கே வந்துருங்க.”

நாங்கள் செய்ய நினைத்த சென்சாரின் தத்துவம் எளிமையானது. கார்பன் டை ஆக்சைடு வாயு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் விழுங்கிவிடும். ஒரு குழாயின் ஒரு முனையில் சிறிய விளக்கு. மறு முனையில் வந்துசேரும் ஒளியை அளக்கிற சில்லு. நடுவில் காற்று. ஒளி எவ்வளவு குறைந்து வருகிறதோ, காற்றில் அவ்வளவு வாயு. வெளிநாட்டுக் கருவிகள் இதை நன்றாகவே செய்தன. ஆனால் பெரிதாக இருந்தன, விலையும் சாமானியர் தொட முடியாதது. தீப்பெட்டி அளவில், ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் கேட்காமலேயே வாங்கிவிடக்கூடிய விலையில் ஒன்று வேண்டும் என்பது மேடத்தின் ஆசை.

குழாயைச் சிறிதாக்கினால் ஒளி போகும் தூரம் குறையும். தூரம் குறைந்தால் வாயு விழுங்குவதும் குறையும், அளப்பது கடினம். ஆகவே ஒளியைக் குழாய்க்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதவிட வேண்டும். அதற்குக் குழாயின் உட்சுவர் கண்ணாடி போல இருக்க வேண்டும். பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பார்த்தோம். மழை வந்ததும் கருத்துப்போயிற்று. கருக்காமல், அகச்சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பக்கூடியது தங்கம். பூச்சுப் போட்டுக் கொடுக்கும் பெரிய தொழிற்சாலைகளோ, எங்களுக்கு வேண்டிய கொஞ்சம் எண்ணிக்கையைக் கேட்டதும் பேச்சை முடித்துக்கொண்டன. கடைசியில் மேடமும் நானும் செல்வபுரத்தில் கவரிங் நகைக்குப் பூச்சுப் போடும் ஒரு பட்டறைக்குப் போனோம்.

பட்டறைக்காரர் எங்கள் குழாயை விரலில் உருட்டிப் பார்த்தார். “ஏனுங்க, தாயத்துக் கூடுங்களா?”

“இல்லீங்க. இதுக்கு உள்பக்கம் தங்கம் ஏறோணும்” என்றேன்.

“உள்பக்கமா? உள்ள யாருங்க பாக்கப் போறாங்க?”

“வெளிச்சம் பாக்குமுங்க.”

அவர் என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப வெளிச்சத்துக்குக் கவரிங் போதுங்களா, அசலே வேணுங்களா?”

“கவரிங் போதுமுங்க. அது ஏமாந்துக்கும்” என்றார் மேடம். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பட்டறைக்காரர்தான் எங்கள் சென்சாரைச் சாத்தியமாக்கியவர். தோடு, வளையல்களுக்கு நடுவே எங்கள் குழாய்களும் கம்பியில் கோக்கப்பட்டுத் தொட்டியில் இறங்கும். உள்பக்கம் பூச்சு சரியாக ஏறவில்லை என்று திருப்பிக் கொடுத்தால், “மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககூட இத்தனை நொரநாட்டியம் பேசமாட்டாங்க” என்பார். ஆனாலும் மறுபடி போட்டுத் தருவார்.

சென்சார் தயாரானபின் அதற்கு அளவு பழக்க வேண்டும். அந்த வேலையை மேடம் செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. மூடிய பெட்டிக்குள் சென்சார்களை அடுக்கி, முதலில் சுத்தமான நைட்ரஜனை விடுவார். கணினித் திரையில் கோடு மெல்ல இறங்கும். இறங்கி, ஆடி, அடங்கித் தட்டையாகும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. அதுதான் பூஜ்யம். பிறகு அளவு தெரிந்த வாயு உருளையைத் திறப்பார். கோடு ஏறும். மறுபடி அடங்கும்வரை காத்திருப்பு. மனிதன் வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு மிக அதிகம். ஆகவே பெட்டிக்கு வெளியே மேசைமேல் இருக்கும் சென்சார்களின் பக்கம் யார் வந்தாலும் திரையில் தெரிந்துவிடும். மேடம் திரும்பிப் பார்க்காமலேயே, “செல்வராஜ், தள்ளி நின்னு பேசுங்க” என்பார்.

கோடு அடங்குவதற்கு முன்னால் அவசரப்பட்டு யாராவது அளவைக் குறித்துவிட்டால் அவர் திட்டமாட்டார். பெட்டியைத் திறந்து வாயுவை வெளியேற்றிவிட்டு, நைட்ரஜனிலிருந்து தானே மறுபடி ஆரம்பிப்பார். அந்த வாயு விலை அதிகம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்க்கத் தொடங்கியதும், தவறு செய்தவர் கீழே போய் டீ வாங்கிக்கொண்டு வருவார். அதுதான் அங்கே மன்னிப்புக் கேட்கும் முறை. டீயை வாங்கிக்கொண்டால் மன்னித்துவிட்டார் என்று அர்த்தம். அவர் வாங்கிக்கொள்ளாத நாள் எனக்கு நினைவில்லை.

அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சென்சார் விற்க ஆரம்பித்தபோது ஒரு புதுப் பிரச்சினை வந்தது. நாளாக ஆக விளக்கின் ஒளி மங்கும். மங்கினால் வாயு அதிகமாக இருப்பதுபோலத் தவறாகக் காட்டும். கழற்றி எங்களிடம் அனுப்பிப் பூஜ்யம் பார்த்து வாங்கிப்போக யாருக்கும் பொறுமை இல்லை. இதற்கு உலகம் முழுவதும் எல்லாக் கம்பெனிகளும் கையாளும் ஒரு வழியை நாங்களும் சேர்த்தோம். அலுவலகம் இரவில் காலியாகிவிடும். உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றுப் போலவே ஆகிவிடும். ஆகவே சென்சார் கடந்த சில நாட்களில் தான் பார்த்த மிகக் குறைந்த அளவை நினைவில் வைத்துக்கொண்டு, ‘இதுதான் வெளிக்காற்று’ என்று தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். அலுவலகத்துக்கு இது அருமையான ஏற்பாடு. புகார்கள் நின்றுபோயின.

ஒருபோதும் வெளிக்காற்றே வராத இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? அங்கே இருப்பதிலேயே குறைந்த கெட்ட காற்றை நல்ல காற்று என்று சென்சார் எடுத்துக்கொள்ளும். வாயு மெல்ல மெல்லக் கூடினால் அதற்கும் பழகிக்கொள்ளும். மேடம் இதை முன்பே யோசித்திருந்தார். உள்ளே நகம் அளவு ஒரு பிளாஸ்டிக் துண்டு வைக்கச் சொன்னார். அதைப் பிடுங்கிவிட்டால் இந்தப் பழக்கம் நின்றுவிடும். அடைத்த இடங்களில் வைப்பதற்கு முன் பிடுங்கிவிடவும் என்று அட்டைப் பெட்டியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டோம். பெட்டியைக் கடைக்காரர் பிரிப்பார், மாட்டுபவர் சென்சாரை மட்டும் எடுத்துப் போவார். அந்த எழுத்து குப்பையோடு போய்விடும். இதை நாங்கள் யாரும் கடைக்குப் போய்ப் பார்த்ததில்லை.

தீவன ஆலையில் லாரிகள் மக்காச்சோளத்தைக் கம்பி வலையின் மேல் கொட்டும். அது கீழே விழுந்து, வாளிகள் கோத்த பட்டையில் ஏறி மாடிக்குப் போகும். அந்தப் பட்டையின் அடிப்பகுதி இருக்கும் இடம் ஒரு குழி. ஏணி வைத்துத்தான் இறங்க வேண்டும். மழைத் தண்ணீர் கசிந்து, சிந்திக் கிடந்த சோளம் அங்கே ஊறிப் புளித்திருக்கிறது. புளிக்கும் தானியம் கார்பன் டை ஆக்சைடை விடும். அது காற்றைவிடக் கனமானது. குழியில் தண்ணீர்போலத் தங்கும். பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதால், பிளாஸ்டிக் துண்டைப் பிடுங்காமல் மாட்டியிருந்த எங்கள் சென்சார் ஒருநாளும் சிவப்பு காட்டவில்லை.

தீவனத்தில் புளிப்பு வாடை வருகிறதென்று அடிச்சோளத்தில் மாதிரி எடுக்க நந்தினி போயிருக்கிறாள். அங்கே சுமை தூக்கும் ஆறுச்சாமி என்பவர் அவள் இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறார். மேலே ஆள் நிற்காமல் இறங்கக்கூடாதென்பது ஆலையின் விதி. ஆனால் பச்சை விளக்கு எரிந்தால் கயிறு கட்ட யாரும் மெனக்கெடுவதில்லை.

ஆஸ்பத்திரியில் ஆறுச்சாமியே இதைச் சொன்னார். “வேண்டாமுங்கண்ணா, பச்சையாத்தான் எரியுதுன்னு அம்மணி சொல்லுச்சுங்க. மழைக்கு ஏணி வழுக்குது, உளுந்து கையக் கால ஒடச்சுக்கிட்டா உங்கப்பா வந்து என்னையத்தான் கேப்பாரு, கட்டிக்கங்கன்னேன். பாதி ஏணி எறங்கியிருக்கும். கால் மடங்குச்சு. வழுக்கிருச்சுன்னுதானுங்க இழுத்தேன். மேல வந்தப்பறம் பாத்தா கண்ணே தொறக்கலீங்க.”

“கயிறு இல்லீன்னா, தூக்கறதுக்குன்னு நீங்களும் அந்த வாயுக்குள்ள எறங்கியிருப்பீங்க” என்றேன்.

“கேஸு கீஸெல்லாம் எனக்கென்னங்க தெரியும். ஏணி வழுக்கும், அதுதான் தெரியும்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். கையை விடுவித்துக்கொள்ளாமல், “சாப்ட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

நந்தினி கண் விழித்துப் பேசியதும் நான் ஆலைக்குப் போனேன். குழியின் வாயில் நின்று பார்த்தேன். பச்சை. குழிக்கு மேலே மாட்டியிருந்த பலகை காட்டிய எண், தெருவில் நிற்பவர் சுவாசிக்கும் காற்றின் எண்தான். கையோடு கொண்டுபோயிருந்த சிறு மீட்டரைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கினேன். அதுவும் எங்கள் கம்பெனி மீட்டர்தான், ஆனால் தினமும் வெளிக்காற்றைப் பார்ப்பது. அது அலறத் தொடங்கியது. மேலே இழுத்து எண்ணைப் பார்த்தேன். அதற்குமேல் அந்த மீட்டரால் காட்ட முடியாது. ஒரே வாயு. இரண்டும் எங்கள் மேசையில் அளவு பழகியவை. ஒன்று சுத்தமான காற்று என்றது, மற்றொன்று சாவு என்றது. அந்த அலறலை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறதென்று எனக்கு மறந்துபோயிற்று. அதை வைத்ததே நான்தான். ஆறுச்சாமி வாங்கி, எல்லாப் பொத்தான்களையும் அமுக்கி அணைத்தார்.

மேடத்துக்குப் போன் செய்தேன்.

“நந்தினி எப்படி இருக்கா?”

“பேசறாளுங்க. இட்லி கேட்டாளுங்க.”

பிறகு நான் பார்த்ததைச் சொன்னேன். அந்தத் திருத்தும் ஏற்பாட்டை யார் எழுதியது, கடைக்காரருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

“யாருன்னு வேண்டாமுங்க செல்வராஜ். எங்கெல்லாம் இருக்குதுன்னு மட்டும் பாப்போம்.”

அன்று முதல் கம்பெனியில் இருந்து ஒரு சென்சாரும் வெளியே போகவில்லை. ஒவ்வொரு கடைக்காரரையும் மேடமே போனில் பிடித்தார். அடைத்த இடத்தில் மாட்டியவர்கள் யார் யார் என்று கேட்டுக் கேட்டு, அவர்களையும் பிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரிடமும் அவர் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கியது: “நான் கம்பெனியிலிருந்து பேசறேனுங்க. எங்க மீட்டர நம்பாதீங்க. எங்க ஆள் வர்ற வரைக்கும் உள்ள எறங்காதீங்க.” தன் பொருளை நம்பாதே என்று சொல்லும் முதலாளியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சில பேர் சிரித்தார்கள். ஒருவர் இது போட்டிக் கம்பெனிக்காரர்களின் வேலை என்று நினைத்துத் திட்டினார். மேடம் முழுவதையும் கேட்டுக்கொண்டு, “செரீங்க, ஆனா எறங்காதீங்க” என்றார்.

ஓய்வு பெற்ற நானும் வந்து சேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு இடமாகப் போய், பிளாஸ்டிக் துண்டைப் பிடுங்கி, நைட்ரஜன் விட்டுப் பூஜ்யம் பார்த்துத் திரும்ப மாட்ட வேண்டும். ஆலையிலிருந்து விடுப்பில் இருந்த நந்தினி, வீட்டில் அம்மாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் என்னோடு காரில் ஏறிக்கொண்டாள். திருப்பூரில் அவள் மாமாவின் பனியன் கம்பெனியில் ஏசி அறையில் ஒரு மேசை தயாராக இருக்கிறது, தீவன ஆலையை விட்டுவிடு என்பதுதான் அந்தப் பேச்சு. என் மனைவியைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நந்தினி குளியலறையில் சிறிது நேரம் கூடுதலாக இருந்தாலே நான் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். “வயசுப் புள்ளயக் குளிக்கக்கூட உடமாட்டீங்களா?” என்று மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு போவாள்.

பல இடங்களுக்குப் போனோம். காரமடைப் பக்கத்துக் காளான் கொட்டகை ஒன்றை மட்டும் சொல்கிறேன். அங்கே காற்றை வெளியேற்றும் மின்விசிறியை எங்கள் சென்சாரோடு இணைத்திருந்தார்கள். வாயு கூடினால் விசிறி ஓடும். சென்சார் கெட்ட காற்றுக்குப் பழகிவிட்டதால் விசிறி ஓடவே இல்லை. ஓடாததால் காற்று இன்னும் கெட்டது. நான் சரிசெய்து மாட்டியதும் சிவப்பு எரிந்து விசிறி கிளம்பியது. கொட்டகைக்காரருக்குக் கோபம்.

“இத்தனை நாளா பச்சையாவே ஓடிட்டிருந்துச்சுங்க. நீங்க கை வெச்சதும் செவப்பாயிருச்சு. நல்லா இருந்ததக் கெடுத்துப்போட்டீங்களே?”

நந்தினி, வளர்ப்புப் பையில் முளைத்திருந்த ஒரு காளானைத் தொட்டுப் பார்த்தாள். “ஏனுங்ணா, காம்பு இப்படி நீளமா, குடை இத்துனூண்டா எப்பலருந்து வருதுங்க?”

“அதயேன் கேக்கறீங்க அம்மணி. விதை குடுத்தவன் மட்டமான விதையக் குடுத்து ஏமாத்திப்போட்டான். அவன்கூடப் பேசறதே இல்லீங்க நான்.”

“விதை நல்ல விதைதானுங்க. காத்துப் பத்தாம மூச்சு முட்டி, எக்கி எக்கிப் பாத்திருக்குது. விசிறி ஓடுனா அடுத்த தடவை குடை விரியுமுங்க.”

அவர் விசிறியைப் பார்த்தார், காளானைப் பார்த்தார். “அப்ப அவன்கிட்டப் போயி நான் மன்னிப்புக் கேக்கோணுமுங்களா?”

“கேட்டா நல்லதுதானுங்க.”

“அவன் என்ற மச்சானுங்க. பொங்கலுக்குக்கூட ஊட்டுக்குள்ள உடலியே” என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

காரில் திரும்பும்போது நந்தினி வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். சம்பவத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அப்போதுதான் கேட்டேன். அந்தக் கோபக்காரருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கடைசியாக மிஞ்சியது அவள் மயங்கிய குழி. ஆலைக்காரர்கள் அழுகிய சோளத்தை வெளியிலிருந்தே உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்து, காற்றை உள்ளே தள்ளும் ஊதுகுழலும் வைத்திருந்தார்கள். சென்சார் அடியில் ஒரு கவ்வியில் மாட்டப்பட்டிருந்தது. யாராவது இறங்கிக் கழற்ற வேண்டும். ஆலையில் வேறு ஆள் தருவதாகச் சொன்னார்கள்.

“நான் எறங்கறேனுங்கப்பா” என்றாள் நந்தினி.

“நீ எதுக்கு அம்மணி? அப்பா எறங்கறேன்.”

“உங்க கண்ணுக்கு ஏணியே தெரியாதுங்க. நீங்க உளுந்தா உங்களையும் இழுக்கோணும்.”

“அப்ப அவங்க ஆளே எறங்கட்டும்.”

“இது என்ற எடமுங்கப்பா. இன்னொருத்தர எறக்கி உட்டுட்டு மேல நின்னு பாக்கறதுன்னா, அதுக்கு நான் திருப்பூருக்கே போயிருவேன். இன்னைக்கு எறங்கலீன்னா எனக்கு இந்த வேலை கெடையாதுங்க. நீங்க செரின்னு சொன்னா எறங்கறேன். வேண்டாம்னா, ஊட்டுக்குப் போலாம். நெசமாத்தான் சொல்றேன்.”

வீட்டில் இரண்டு பக்கமும் தலையாட்டிவந்த எனக்கு அங்கே ஒரு பக்கம்தான் ஆட்ட முடியும். மீட்டரைக் கயிற்றில் இறக்கினேன். எண் இறங்கி, ஆடி, அடங்கியது. நல்ல காற்று. ஆக்சிஜன் அளக்கும் மீட்டரையும் இறக்கினேன், அதுவும் சரியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றேன். மறுமூலையில் இறக்கினேன். அங்கேயும் நல்ல காற்று. ஊதுகுழலை நிறுத்திவிட்டுப் பார்ப்போம் என்றேன். பார்த்தோம். மறுபடி ஓடவிட்டுப் பார்ப்போம் என்றேன். ஆறுச்சாமி கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, மீட்டரு அடங்கி நெம்ப நேரமாச்சுங்க. நீங்கதான் இன்னும் அடங்கல.”

“பயமா இருக்குது கண்ணு” என்றேன். ஆறுச்சாமி இருக்கிறாரே என்று கூச்சம்கூட வரவில்லை.

“எனக்குந்தானுங்க” என்றாள்.

அவளுக்குப் பயமே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. பயத்தோடு இறங்குபவள் கயிற்றை உதறமாட்டாள், மீட்டரைப் பார்க்காமல் ஓர் அடி வைக்கமாட்டாள். “செரி, எறங்கு” என்றேன்.

ஆறுச்சாமி அவள் இடுப்பில் கயிறு கட்டினார். சட்டையில் மீட்டரை மாட்டிக்கொண்டாள். ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் தலை குழிக்குள் மறைந்ததும் நான் மண்டியிட்டுக் குனிந்து, அவள் ஹெல்மெட்டின் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்குப் போய்ச் சேர்ந்தாள். டார்ச் வெளிச்சம் சுவரில் நகர்ந்தது.

“அப்பா, நட்டு துருப்புடிச்சிருக்குதுங்க. ஸ்பேனர் போடுங்க.”

கருவிப் பையில் கையை விட்டுக் கிடைத்ததை எடுத்து, நூலில் கட்டி இறக்கினேன்.

“இது பெரிசுங்க. சின்னது.”

நூலை இழுத்தேன். பையைத் தரையில் கொட்டி, எண்ணைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துச் சின்ன ஸ்பேனரைத் தேடி எடுத்தேன். ஆறுச்சாமி கயிற்றை விடாமல், தலையை மட்டும் திருப்பி, “முடிச்ச இறுக்கிப் போடுங்க, தலைல உளுந்துரப்போகுது” என்றார். இறுக்கிப் போட்டேன். நூல் கொஞ்சம் கொஞ்சமாக என் விரல்களுக்கு நடுவே கீழே போயிற்று. ஓரிடத்தில் கனம் குறைந்து லேசானது.

“சின்னது வந்துருச்சுங்க” என்றாள் நந்தினி.